பொறுத்தார் பூமி ஆள்வாரா?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



நல்வாழ்வுக்கு வழி பொறுமையா, முயற்சியா என்னும் வினாவுக்கு விடை கூறுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். வேறு நாட்டில் இது பட்டிமண்டபத்துக்கு ஏற்ற பொருளாயிருக்கலாம். எம்மவருக்கோ இது வாழ்வுப் பிரச்சினை. எம் பாட்டன் உழுத காணி எம் பேரனுக்குக் கிட்டுமா, கிட்டாதா என்பதே இவ்வினாவுக்குள் அடங்கியிருக்கின்றது. ஆதலால் காணியை வைத்தே இதனை ஆராய விரும்புகின்றோம்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது முன்னோர் வாக்கு. அதனைப் பொய்யென்று தள்ள யாம் வரவில்லை. ஆனால் அதனை எடுத்தோதுவோர் பலர், பொறுத்தல் என்றால் சும்மா இருத்தல் என்று பொருள் கொள்கின்றனர். தவறு அங்கேதான் நேருகின்றது.

பொறுமை யாதென்பதைக் கமக்காரரிடம் கேளுங்கள். பெரும்போகத்துக்கு நிலத்தை உழுது, விதைத்து, வரம்பு கட்டி, களை பிடுங்கிய பின்னரே அவர் தை மாதத்தை நோக்கிக் காத்திருக்கின்றார். மழையை அவரால் விரைவுபடுத்த முடியாது. கதிரை இழுத்து முற்றச் செய்யவும் முடியாது. எனவே பொறுக்கின்றார். விதையாத வயலின் வரம்பிலே குந்தியிருந்து அறுவடையை எதிர்பார்ப்பவனைப் பொறுமைசாலி என்று ஊரார் சொல்வார்களா? சோம்பேறி என்றல்லவா சொல்வார்கள்!

சட்டம் எவருக்காகவும் காத்திராது

நீதிமன்றத்தின் வழக்கமும் இதுவே. விழித்திருப்போருக்கே சட்டம் துணை நிற்கும். உறங்குவோரை அது தட்டி எழுப்பாது. அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு அரசியலமைப்பு தந்திருக்கும் காலம் ஒரே ஒரு மாதம். 1871-ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமோ, தனியார் ஒருவரின் காணியை மற்றொருவர் இடையூறின்றி, உரியவரின் உரிமையை ஏற்காமல், பத்து ஆண்டுகள் ஆண்டுவந்தால் அக்காணிக்கு உரிமை கோர இடந்தருகின்றது.

போர்க்காலத்தில் காணிக்குச் செல்ல முடியாதிருந்தவர்களைக் காக்க 2016-ஆம் ஆண்டில் 5-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கருத்திற்கொண்டே அச்சலுகை வழங்கப்பட்டது. அந்த 2009 மே மாதத்துக்குப் பின்னரும் பத்து ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன! "காணி எங்கே ஓடிவிடப் போகின்றது?" என்று கேட்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். காணி ஓடுவதில்லை; காலம் ஓடுகின்றது.

2025 மார்ச் 28-ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலை எவரும் மறந்திருக்க முடியாது. வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறக்குறைய 6,000 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரல் வேண்டும், தவறின் அரச காணியாகும் என்பதே அதன் கருத்து. உறுதிகளைப் போரிலும் இடப்பெயர்விலும் இழந்தவர்கள் எத்தனை பேர்! கடல் கடந்து சிதறியவர்கள் எத்தனை பேர்! அவர்களெல்லாம் மூன்று மாதத்துள் எவ்வாறு முன்வருவர்? அன்று எம்மக்கள் "பொறுத்துப் பார்ப்போம்" என்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஊர்தோறும் எதிர்ப்புக் குரல் எழுந்தது, வழக்குத் தொடுக்கப்பட்டது, ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உரிய வேளையில் எடுத்து வைத்த அடி அது.

இரணைதீவு காட்டிய வழி

இனி, படிப்பறிவு மிக்க உத்தியோகத்தருக்கும் எம்போன்ற சட்டத்தரணிகளுக்கும் பாடம் புகட்டிய எளிய மக்களைப் பற்றிச் சொல்லுவோம். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரணைதீவின் மக்கள் 1992-ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, முழங்காவில் பகுதியிலுள்ள இரணைமாதாநகரில் குடியிருந்தார்கள். 2009-இல் போர் முடிந்த பின்னரும் தீவில் கடற்படையே நிலைகொண்டிருந்தது. மீளக் குடியேற மக்களுக்கு இடமளிக்கப்படவில்லை. மனுக் கொடுத்தார்கள், காத்திருந்தார்கள். 2017 மே முதலாந் திகதி தொடர்போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தும் விடை வரவில்லை.

2018 ஏப்ரல் 23-ஆம் திகதி, பெண்களும் ஆண்களும் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தம் தீவை நோக்கிப் புறப்பட்டார்கள். கையில் ஆயுதம் இல்லை. வாயில் வசைமொழி இல்லை. இறங்கினார்கள், வழிபட்டார்கள், "இது எமது ஊர், இங்கேயே இருப்போம்" என்று இருந்துவிட்டார்கள். சில வாரங்களுள் அவர்கள் அங்குத் தங்குவதற்கு அரசும் இணங்கியது. இருபத்தாறு ஆண்டுக் காத்திருப்புத் தராததை ஒருநாட் கடற்பயணம் தந்தது.

அன்பர்களே, அந்த ஒருநாளின் பின்னால் ஓராண்டுப் பொறுமை இருந்ததையும் நாம் காணல் வேண்டும். வெயிலிலும் மழையிலும் கலையாது அமர்ந்திருந்த மக்களே ஒரு மனதாய்ப் படகேற வல்லவரானார்கள். சென்ற பின்னரும் வீட்டுக்கும் நீருக்கும் பள்ளிக்கும் மருந்துக்கும் அவர்கள் நெடுங்காலம் முயலவேண்டியிருந்தது.

முயன்றோர் அனைவரும் வென்றார்களா?

இவ்வாறு எம்மைக் கேட்போர் உளர். நேர்மையான கேள்வி. 2017-ஆம் ஆண்டில் கேப்பாப்பிலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் ஏறத்தாழ ஒரு மாதம் போராடி, மார்ச் முதலாந் திகதி தம் காணிக்குத் திரும்பினார்கள். அதே கேப்பாப்பிலவின் ஏனைய காணிகளுக்காகத் தொடங்கிய போராட்டமோ ஆண்டுக்கணக்காக நீண்டது. முயற்சி ஒன்றே, பயன் வேறு. ஆயினும் கேட்டவர்க்குத் தாமதமாயிற்று என்பதனால், கேளாதவர்க்குக் கிடைக்கும் என்றாகுமா? பயன் தாமதிக்கும் அவ்விடத்திலேதான் பொறுமை வேண்டும். அடி எடுத்து வைக்குமுன் சொல்லும் பொறுமை சாக்கு. அடி எடுத்து வைத்தபின் காட்டும் பொறுமை வீரம்.

ஆகவே இன்று வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்துப் பாருங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி தேடுங்கள். தந்தை பெயரிலேயே கிடக்கும் முதுசத்தைப் பிள்ளைகள் பெயருக்கு ஒழுங்கு செய்யுங்கள். அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்போர் பின்னுரித்தாளரைப் பதியத் தவறாதீர்கள். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதி, நம்பிக்கையானவருக்கு அற்றோணித் தத்துவம் தருமாறு கூறுங்கள். ஆசிரியரும் எழுதுவினைஞரும் சட்டத்தரணியும் தத்தம் ஊரில், எழுதத் தெரியாத ஓர் அயலவரின் விண்ணப்பத்தையாவது எழுதிக் கொடுத்தல் வேண்டும். இவை முழக்கமிடும் வேலைகள் அல்ல. ஆனால் இவையே விதைப்பு.

விதைத்துவிட்டுப் பொறுப்போம். அவ்வாறு பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதில் ஐயமில்லை.