இன்னும் ஓராண்டு விட்டுவையும்
(வானொலி மறையுரை)



ஜூன் மாதம் வந்துவிட்டால் எங்கள் பங்கு இல்லத்தின் வாசலில் மாணவர்களும் பெற்றோரும் வந்து நிற்பது வழக்கம். கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கும். கையெழுத்து வேண்டும், சான்றிதழ் நகலுக்கு முத்திரை வேண்டும், கல்லூரிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று கேட்பார்கள். கடந்த ஆண்டு இதே மாதத்தில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா தையல் தொழிலாளி. மகள் பிளஸ் டூ முடித்து, நீட் தேர்வும் எழுதியிருந்தாள். தகுதி மதிப்பெண் வந்துவிட்டது. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்தை அந்த வீடு நினைத்தும் பார்க்க முடியாது. அதே வாரம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலுக்கு இடம் கிடைத்தது.

அப்பா சொன்னார்: “சாமி, கையில் இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கணும்னு சொல்றா. நீங்க புத்தி சொல்லுங்க.” அம்மாவின் கவலை வேறு: “ஒரு வருஷம் பொண்ணு வீட்ல சும்மா இருக்கான்னு சொந்தக்காரங்க பேசுவாங்களே, சாமி.” மகள் தரையைப் பார்த்தபடி ஒரே வார்த்தை சொன்னாள்: “ஃபாதர், ஒரே ஒரு வருஷம்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஆண்டவர் ஓர் உவமை சொல்கிறார். திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம். மூன்று ஆண்டுகளாக உரிமையாளர் வந்து கனி தேடுகிறார், ஒன்றுமில்லை. வெட்டிவிடு, இடத்தை ஏன் வீணாக அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார். தோட்டத் தொழிலாளரோ, ஐயா, இந்த ஓராண்டும் விட்டுவையும், நான் சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், கனி கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் வெட்டிவிடலாம் என்று மன்றாடுகிறார்.

மனமாற்றத்துக்கு இறைவன் தரும் கால அவகாசத்தைப் பற்றிய உவமை இது. நீட் தேர்வுக்காகச் சொன்னதல்ல. ஆனால் ஓராண்டை எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது என்பதற்கும் இதில் பாடம் இருக்கிறது.

முதலில் அந்த உரிமையாளரைப் பாருங்கள். அவரைக் கெட்டவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. நிலம் அவருடையது, மூன்று ஆண்டு காத்தவர் அவர். ‘இதற்கு என்ன செலவாகும், வீடு தாங்குமா, அடுத்த பிள்ளையின் படிப்பு என்னவாகும்’ என்று கேட்கும் தந்தை கனவைக் கெடுப்பவர் அல்ல. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று அதே லூக்கா நற்செய்தியில்தான் ஆண்டவர் சொல்கிறார். பிள்ளைகளே, அப்பாவின் கணக்கைக் கேட்டுக் கோபப்படாதீர்கள்.

அடுத்து தோட்டத் தொழிலாளர். அவர் வெறுமனே காலம் கேட்கவில்லை. கொத்துவேன், எருப் போடுவேன் என்று தாம் செய்யப்போகும் வேலையைச் சொல்லிக் கேட்கிறார். சும்மா விட்டால் நான்காம் ஆண்டும் மரம் முந்தைய மூன்று ஆண்டுகளைப் போலத்தான் நிற்கும். ஆகவே ஓராண்டு கேட்கும் பிள்ளையிடம் நான் கேட்பது இதுதான்: போன முறை செய்யாத எதை இந்த முறை செய்யப்போகிறாய்? நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு. 180 கேள்விகள், ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண் கழியும். எங்கே தவறியது? இயற்பியலிலா, நேரம் போதாமையிலா, தெரியாததை ஊகித்து எழுதியதிலா? இதற்குப் பதில் இல்லாதவருக்கு ஓராண்டு கொடுத்தாலும் அது தரிசு நிலம்தான்.

மூன்றாவது, அந்த ஓராண்டுக்கு எல்லை உண்டு. நம் பிள்ளைகள் விஷயத்தில் இது மிக முக்கியம். நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு இல்லை. வயது உச்சவரம்பும் இல்லை. அதாவது, போதும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லப்போவதில்லை. எல்லையை வீட்டுக்குள்ளேதான், முன்கூட்டியே வைக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கனி இல்லையென்றால் வெட்டப்படுவது அந்த ஒரு வழிதான். பிள்ளையை யாரும் வெட்டக் கூடாது, சொல்லாலும் கூடாது.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறேனே, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் ஒரு மாணவன் இதே கேள்வியோடு வந்தான். அன்று திருமணத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டது. படிகளில் இறங்கியபடியே, “விசுவாசமா இருடா தம்பி, இன்னொரு தடவை எழுது, ஆண்டவர் பார்த்துக்குவார்” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனேன். அவனுடைய அம்மா நகையை அடகு வைத்தார். அவன் தொலைவில் ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்கி, கோச்சிங் மையத்தில் சேர்ந்தான். அந்த ஆண்டும் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை எழுதினான்; அதுவும் இல்லை. இரண்டாண்டு கழித்து என்னைச் சந்தித்தபோது கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னான்: “ஃபாதர், நீங்க சொன்னீங்கன்னுதான் அம்மா ஒத்துக்கிட்டாங்க. எனக்கு மருத்துவம் வேணுமான்னு யாருமே கேட்கலை. நானும் கேட்டுக்கலை.”

அன்பானவர்களே, அன்று நான் விசுவாசம் என்று சொன்னது என் அவசரம். ஆண்டவரின் பெயரைச் சொல்லி ஒரு குடும்பத்தின் நகைக்கும் ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுக்கும் நான் பொறுப்பாளியானேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவன் வேறு படிப்பு முடித்து வேலையில் இருக்கிறான். ஆனாலும் அந்தச் சொற்கள் இன்னும் என் காதில் ஒலிக்கின்றன.

அதனால்தான் கடந்த ஆண்டு அந்தத் தையல்காரர் “புத்தி சொல்லுங்க” என்றபோது நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புனித இஞ்ஞாசியாரின் பள்ளிக்கு அவர்களை அழைத்துச் சென்றேன்.

இஞ்ஞாசியார் 1521-இல் பாம்பலோனா கோட்டைப் போரில் காலில் குண்டடி பட்டுப் படுத்த படுக்கையானவர். அந்தக் கட்டாய ஓய்விலும், பிறகு மன்ரேசாவில் கழித்த மாதங்களிலும்தான் தம் உள்ளத்தில் எழும் எண்ணங்களைத் தெளிந்து தேரக் கற்றுக்கொண்டார். ஆனால் படிப்பு? ஏறத்தாழ 33 வயதில்தான் பார்சலோனாவில் சிறுவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். ஓராண்டு பின்தங்கிவிடுவேன் என்று பயப்படும் பிள்ளைகள் இதை நினைவில் கொள்ளட்டும்.

‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அவர் தரும் அறிவுரைகளில் மூன்றை அந்தக் குடும்பத்துக்குச் சொன்னேன். ஒன்று, மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில் எடுத்த முடிவை மாற்றக் கூடாது. தேர்வு முடிவு வந்த அன்றைய கண்ணீரில் எதையும் முடிவு செய்யாதீர்கள். கல்லூரிக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது என்று விசாரித்து, அந்த நாள்களைப் பயன்படுத்துங்கள். இரண்டு, நீ முன்பின் பார்த்திராத ஒருவர் இதே நிலையில் உன்னிடம் வந்தால் அவருக்கு என்ன சொல்வாய்? அதை உனக்கே சொல். மூன்று, சேர்வதால் வரும் நன்மை தீமை, காத்திருப்பதால் வரும் நன்மை தீமை என எல்லாவற்றையும் தனித்தனியே எழுதி, ஆண்டவர் முன் வைத்துச் செபி.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் கணக்கு நோட்டுத் தாளோடு வந்தாள். உயிரியலில் நன்றாகச் செய்திருக்கிறாள், இயற்பியலில்தான் விழுந்திருக்கிறாள். ஓராண்டு மட்டும், வீட்டிலிருந்தே படிப்பு, கடன் வாங்குவதில்லை, கிடைக்காவிட்டால் அடுத்த ஜூனில் இதே பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் என்று எழுதியிருந்தாள். கீழே அப்பாவின் கையெழுத்து. அம்மா ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘சாப்பிடும்போது மார்க் பற்றிப் பேச மாட்டோம்.’ தோட்டத் தொழிலாளர் போட்ட எருவில் அந்த வரியும் ஒன்று என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு முழுவதும் மாலையில் ஒரு மணி நேரம் எங்கள் பங்கில் சிறு பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அவளைப் போலவே யோசித்துக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான். அப்பா இறந்ததால், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக, தாங்களாகக் கேட்காமலேயே ஓராண்டு வீட்டில் தங்க நேர்ந்த பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஆண்டு வீணான ஆண்டு அல்ல. எங்கள் குருமடப் பயிற்சியிலேயே தத்துவயியலுக்கும் இறையியலுக்கும் இடையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மக்களோடு வாழும் காலம் ஒன்று உண்டு. என்னைக் குருவாக்கியதில் வகுப்பறைக்கு உள்ள பங்கு அந்தக் காலத்துக்கும் உண்டு.

அந்தப் பெண் இந்த ஆண்டு மறுபடியும் எழுதிவிட்டாள். முடிவு என்ன என்று கேட்பீர்கள். உவமையிலும் அந்த மரம் கனி கொடுத்ததா என்று ஆண்டவர் சொல்லவில்லை. கதையை அங்கேயே நிறுத்திவிட்டார். நானும் அங்கேயே நிறுத்துகிறேன். மதிப்பெண் எதுவானாலும் கொத்தியதும் எருவிட்டதும் வீண்போகாது.

முடிவைக் கண்டு மனம் உடைந்திருக்கும் பிள்ளை யாராவது இதைக் கேட்டால், மகனே, மகளே, தனியாக இருக்காதே. வீட்டில் பேசு, முடியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குப் பேசு, எங்கள் கதவைத் தட்டு. உன்னை இழந்து எங்களுக்கு எந்த இடமும் வேண்டாம்.

செபிப்போம். காலங்களின் ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிந்த மனத்தைத் தாரும். பெற்றோருக்குப் பொறுமையைத் தாரும். அறிவுரை சொல்லும் எங்களுக்கு முதலில் கேட்கும் காதுகளைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.