அந்திமக் காலப் பராமரிப்பு: அதன் தரத்தை அறிவது எங்ஙனம்?

(ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காலை முதல் விதை நேர்த்தியைப் பற்றியும் ஏரிக் கரைகளைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் முன்பு நாங்கள் கொண்டு வந்திருக்கும் விஷயம் அத்துணை உவப்பானதன்று. தீராத நோயினால் படுத்துவிட்டவரின் கடைசி மாதங்களைப் பற்றியும், அம்மாதங்களில் அவரைப் பேண முன்வருகிற நிலையங்களின் தரத்தை எவ்வாறு அறிவது என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். இதைப் பேசுவதே அமங்கலம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பேசாமல் விட்டதனால் எந்த வீட்டு வாசலையும் சாவு தாண்டிப் போனதாக நாங்கள் அறியோம்.

சந்தையில் ஓர் உழவு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நுகத்தில் பூட்டி நான்கு சால் ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறோம். விதை நெல்லை ஈரச் சாக்கில் கட்டி முளைப்புப் பார்க்கிறோம். பெற்ற தாயை ஒரு நிலையத்தின் கையில் ஒப்படைக்கும்போது மட்டும், கட்டடத்தின் வெள்ளையையும் பெயர்ப்பலகையின் எழுத்தையும் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறோம். மாடு சரியில்லையென்றால் மறு சந்தையில் தரகரைப் பிடித்துக் கேட்கலாம். இதில் அப்படியில்லை. வேதனையை அனுபவித்தவர் திரும்பி வந்து முறையிடப் போவதில்லை. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் வாய் திறப்பதுமில்லை. ஆகையால் கெட்ட நிலையம் கெட்ட பெயர் எடுக்காமலே நெடுநாள் நடந்துவிட முடியும். ஊராட்சி இதில் தலையிட வேண்டிய காரணமே இதுதான்.

முதலில் இப்பணி இன்னதென்று சுருங்கச் சொல்லிவிடுகிறோம். 1967-ம் ஆண்டில் லண்டன் மாநகரின் தென்பகுதியில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். அவர் முதலில் தாதியாகவும், பின்னர் மருத்துவமனைச் சமூக ஊழியராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் பயின்று டாக்டரானவர். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பக் கவலையிலும், கடவுளைப் பற்றிய கேள்வியிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே மருந்திட வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. நம் நாட்டில் இத்தகைய முதல் இல்லமாகிய சாந்தி அவேதனா சதன் 1986-ம் ஆண்டில் பம்பாயில் ஏற்பட்டது.

கிராமத்தாராகிய நமக்கு அவற்றைக் காட்டிலும் பக்கத்து மாநிலமாகிய கேரளத்தின் அனுபவமே அதிகம் பயன்படும். 1993-ம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி டாக்டர் இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் ஒரு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினர். சில ஆண்டுகளிலேயே அவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. மருத்துவமனைக்கு வரக்கூடியவர்கள் சிலரே. வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்கள் பலர். எனவே ஊராரையே தொண்டர்களாகப் பயிற்றுவித்து, பயிற்சி பெற்ற தாதியை வீடு வீடாக அனுப்பும் முறை பிறந்தது. 2008-ம் ஆண்டில் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. பஞ்சாயத்துகள் தாதியரை நியமித்து வீட்டுப் பராமரிப்பை நடத்தத் தொடங்கின. தெருவிளக்கும் குடிநீரும் போலவே இதுவும் பஞ்சாயத்தின் வேலை என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். நம் மாநிலத்தில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ம் தேதி தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இப்பராமரிப்பு ஓர் அங்கமாக இருக்கிறது.

இனித் தரத்துக்கு வருவோம். நாங்கள் வைக்கும் முதற் கேள்வி ஒன்றே. அந்நிலையத்தில் மார்பின் மாத்திரை இருக்கிறதா?

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புற்றுநோய் முற்றியவரின் வலிக்குச் சாதாரண மாத்திரை போதாது. வாய்வழி உட்கொள்ளும் மார்பினே அதற்கு உற்ற மருந்து. அதன் பலன் ஏறத்தாழ 4 மணி நேரமே நிற்கும். ஆகவே வலி வந்த பின் கொடுப்பது முறையன்று. தண்ணீர் முறை வைப்பதுபோல, வலி தலைதூக்கும் முன்பே மணிக்கணக்குப்படி 4 மணிக்கு ஒரு வேளையாகக் கொடுக்க வேண்டும். இடையில் வலி பீறிட்டால் கொடுப்பதற்குத் தனி வேளை மாத்திரையும் வீட்டில் இருக்க வேண்டும். மார்பின் உட்கொள்வோருக்கு மலச்சிக்கல் பெரும்பாலும் வந்தே தீரும். மார்பினை எழுதிவிட்டு மலமிளக்கியை எழுதாத வைத்தியர் இத்தொழிலைக் கற்கவில்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம். மருந்துச் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் அடையாளம் இது.

“மார்பின் கொடுத்தால் பழக்கமாகிவிடுமே, உயிர் சீக்கிரம் போய்விடுமே” என்று கேட்பீர்கள். வலிக்கு ஏற்ற அளவில், தகுந்தவர் மேற்பார்வையில் கொடுத்தால் போதைப் பழக்கம் உண்டாவது அரிது. உயிர் குறையும் என்பதற்கும் ஆதாரமில்லை. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோயாளர்களை வைத்துச் செய்து 2010-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், தொடக்கத்திலிருந்தே இப்பராமரிப்பைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2½ மாதங்கள் அதிகமாகவே வாழ்ந்தனர். சட்டத்தைப் பற்றிய அச்சமும் இப்போது பழைய அச்சமே. 1985-ம் ஆண்டுச் சட்டத்தினால் பல உரிமங்களுக்காக அலைய வேண்டியிருந்தது உண்மை. 2014-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதியுடன் இம்மருந்துகளை வைத்துக்கொள்ளலாம். எனவே “சட்டம் இடம் கொடுக்கவில்லை” என்று ஒரு நிலையத்தார் சொன்னால், அனுமதிக்கு எப்போது விண்ணப்பித்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

நாங்கள் கண்ட ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரும் பெயரும் வேண்டா. ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம் உள்ள விவசாயி. புகையிலைப் பழக்கத்தால் வாயில் புற்று. குணப்படுத்த இயலாது என்று பெரிய மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தார் அவரை நகரத்திலுள்ள ஒரு நிலையத்தில் சேர்த்தார்கள். தரையெல்லாம் பளிங்குக் கல். நாள்தோறும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாள்தோறும் ஏதேனும் ஒரு பரிசோதனை செய்தார்கள். வலிக்குக் கொடுத்தது சாதாரண ஊசி மட்டும். இரவில் அவர் அலறினால், “பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்பதே பதில். ஐந்து வாரங்களில் அரை ஏக்கர் கை மாறிவிட்டது. பணம் தீர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் கிடந்தார். புண்ணின் நாற்றத்தால் பேரப் பிள்ளைகள் கிட்டே வருவதில்லை. எங்களுடன் வந்த தாதி முதலில் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “வலி எத்தனை, பத்துக்கு எத்தனை சொல்லுவீர்கள்?” என்று கேட்டார். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அன்றே மார்பின் தொடங்கினோம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவக் கற்றுக்கொடுத்தோம். மிகவும் மலிவான மாத்திரை அது. நான்கைந்து நாளில் நாற்றம் அடங்கியது. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் நாங்கள் சென்றபோது நான்கு விரல் காட்டினார்; மறு வாரம் இரண்டு. அதற்கும் அடுத்த வாரம் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரை போய்க் கடலையைப் பார்த்துவிட்டு வந்தாராம். மேலும் ஏழு வாரங்கள் இருந்து, வீட்டிலேயே கண் மூடினார். அந்த அரை ஏக்கர் திரும்பி வரவில்லை.

பத்துக்கு எத்தனை என்ற அக்கேள்வியை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல நிலையம் முதல் நாள் வலியின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும். இரண்டு மூன்று நாட்களில் மீண்டும் கேட்டு எழுதும். நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு அக்குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எண்கள் இறங்கியிருந்தால் வேலை நடக்கிறது. குறிப்பேடே இல்லையென்றால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

அடுத்தபடி தாதியரின் கைவேலையைப் பாருங்கள். அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம். படுக்கைகளைச் சுற்றி வரும்போது எத்தனை பேருக்கு முதுகில் புண் இருக்கிறது, அவற்றுள் எத்தனை அங்கே வந்த பிறகு ஏற்பட்டவை என்று கேளுங்கள். உதடும் நாவும் காய்ந்து வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த இரண்டிலும் கைராசிக்கு இடமில்லை. ஆள் இருக்கிறார்களா, அக்கறை இருக்கிறதா என்பதே தெரியவரும். வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவாக இருந்தால், புரட்டுவதையும் வாய் கழுவுவதையும் மருமகளுக்கோ மனைவிக்கோ செய்து காட்டி, அவர் கையால் ஒரு முறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறார்களா என்பதைக் கவனியுங்கள். தாதி வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருப்பார். மிச்ச நேரம் முழுவதும் பராமரிப்பவர் வீட்டுப் பெண்தான். அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்காத குழு பாதி வேலையைத்தான் செய்கிறது.

இரவு பத்து மணிக்கு அவர்கள் கொடுத்த தொலைபேசி எண்ணை அழைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே அழையுங்கள். மூச்சுத் திணறலும் மனக் கலக்கமும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். வாரத்துக்கு எவ்வளவு ஆகும், எதற்கு ஆகும், கொடுக்க இயலாதவருக்கு என்ன செய்வார்கள்? குணமாகாது என்று தெரிந்த பிறகும் நாள் தவறாமல் இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கேட்கிறவரிடம், “இதன் முடிவைப் பார்த்து எந்த மருந்தை மாற்றப் போகிறீர்கள்?” என்று கேட்டால் போதும். “முழுக் குணம் உறுதி” என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழுவின் வண்டி எந்தெந்தத் தெருக்களில் நிற்கிறது? ஊரின் நடுத்தெருவில் மட்டும் நின்று, காலனிக்குள் போகாத வண்டி எவ்வளவு நல்ல மருந்து வைத்திருந்தும் பயனில்லை. புற்றுநோய்க்கு மட்டும் வருவார்களா, பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், நெஞ்சு பலவீனத்தால் எழ முடியாதவர்களுக்கும் வருவார்களா என்றும் கேட்க வேண்டும். நோயாளியின் வீட்டு விஷயம் டீக்கடையில் பேசப்படுகிறது என்றால், அத்தொண்டரை மாற்றும்படி தயங்காமல் சொல்லுங்கள்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா கூடாதா என்ற சங்கடம் வீடுதோறும் உண்டு. மகன் எங்களை வாசலிலேயே நிறுத்தி, “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்பார். உள்ளே போனால் தகப்பனார், “பையனுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டான்” என்பார். திறமையான குழு இருவரில் யாரையும் கடிந்துகொள்ளாது. அவர் எவ்வளவு அறிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியையே மெல்லக் கேட்கும். நிலப் பங்கீடு, பெண்ணின் கல்யாணம், பேசாமலிருந்த தம்பியை அழைத்துப் பேசுவது எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சார்ந்திருக்கின்றன. நாங்களே இதில் தவறியிருக்கிறோம். அவசரப்பட்டுச் சொல்லி, ஒரு தாயாரை மூன்று நாள் பேச்சற்றுப் போகச் செய்ததும் உண்டு.

கடைசி நாட்களில் சோறு இறங்காமற் போவது இயற்கை. பட்டினி போடுகிறோமோ என்று மனைவி அழுவார். வற்புறுத்தி ஊட்ட வேண்டாம், வாயை ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று பக்கத்தில் இருந்து விளக்குகிறவர்கள் வேண்டும். அந்த நேரத்தில் மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டுமா, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்பதை முன்கூட்டியே குடும்பத்தாருடன் பேசி எழுதி வைக்கும் நிலையம் மேலானது. கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையைச் சேர்ந்ததே என்று 2018-ம் ஆண்டு மார்ச் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்ன சிகிச்சை வேண்டா என்று ஒருவர் முன்னதாக எழுதி வைக்கும் நடைமுறையையும் 2023-ம் ஆண்டில் அந்நீதிமன்றம் எளிதாக்கியது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். உங்கள் ஊராட்சியில் படுத்த படுக்கையாக இருப்போரின் பட்டியலை ஒவ்வொரு தெருவாக எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். விடுபட்ட பெயர்களை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். அவர்களிடமும் நாங்கள் மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். அரசாங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக விலக்கு வேண்டியதில்லை. தனியார் நிலையமோ தரும நிலையமோ உங்கள் ஊரில் பணி செய்ய வந்தால், சென்ற ஆண்டில் அவர்கள் பராமரித்து இறந்தவர்களின் வீடுகள் சிலவற்றுக்கு, அவ்வீட்டாரின் சம்மதம் பெற்று, இரு உறுப்பினர்கள் போய் வாருங்கள். காரியம் முடிந்து மூன்று நான்கு மாதங்கள் ஆன பிறகு போவது நல்லது. வலி அடங்கியதா, கூப்பிட்டபோது வந்தார்களா, கடன் எவ்வளவு என்று கேளுங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்நிலையத்திலிருந்து எவரேனும் ஒருவர் வந்து விசாரித்தாரா என்றும் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சட்டென்று வரும்.