அடக்கமான பெண்



பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, காபி எல்லாம் தயார். பெண் தலை நிமிராமல் வந்து தட்டை நீட்டிவிட்டு உள்ளே போகிறாள். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா" என்கிறார் அம்மா, பெருமையாக. வந்தவர்களுக்கும் பரம திருப்தி.

போன வருஷம்வரை வாய் ஓயாமல் பேசியவள் அவள். மேலே படிக்க ஆசைப்பட்டாள், வேண்டாமென்றுவிட்டார்கள். அப்புறம் தோழிகளுக்குப் போன் போடுவது நின்றது. சாப்பாடு பாதியானது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறாள். இதையெல்லாம் மனநல மருத்துவரிடம் சொன்னால், "எத்தனை நாளாக?" என்றுதான் முதலில் கேட்பார். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். வீட்டிலோ, "பொண்ணுக்குப் பொறுப்பு வந்திருச்சு" என்கிறோம்!

பையன் இப்படி முடங்கினால் நாலு பேர் என்ன ஏதென்று விசாரிப்பார்கள். பெண் முடங்கினால் நோய்க்கே நற்சான்றிதழ் கிடைக்கிறது.

யாராவது கவனித்துவிட்டாலும், "வெளியே தெரிஞ்சா வரன் தட்டிப்போயிடும்" என்ற பயம். தலைவலிக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு இன்னொருவர், நடுவில் ஒரு தாயத்து. கடைசியில், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." மனச்சோர்வுக்குத் தாலி மருந்தென்று எந்த வைத்தியர் எழுதிக் கொடுத்தாரோ! புது வீடு, புது மனிதர்கள், இரண்டாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்ற விசாரிப்பு. பாரம் கூடத்தான் செய்யும்.

சிலருக்கு ஆலோசனைப் பேச்சே போதும். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால், குணம் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். "ஒண்ணும் கேக்கல" என்று பத்தே நாளில் நிறுத்திவிடாதீர்கள். விஷயம் வெளியே போகுமோ என்றால், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போக யோசனையாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அம்மாவோ அண்ணனோ கூப்பிட்டு, "பொண்ணு இப்படி இருக்கா, என்ன செய்யறது?" என்றும் கேட்கலாம். "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிற மாதிரி அவள் பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

எண்ணைக் குறித்துக்கொள்ளாதவர்களுக்காக இன்னொரு முறை: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.