ஆடிக் காற்றில் நோர்த் ஹெட் முனை
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பிரயோசனமாக ஏதாவது கதையுங்கோ" என்று செயலாளர் கேட்டார். போன ஆடி மாதம் நான் தனியாகப் போய்வந்த நோர்த் ஹெட் முனையைப் பற்றிச் சொல்கிறேன்.

மான்லிக்குக் கோடையில் போகாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். குளிருக்குள் போவோர் குறைவு. குவேக்கர்ஸ் ஹில்லில் றெயின் ஏறி, சென்ட்ரலில் மாறி, சேர்க்கியுலர் கீயில் ஃபெரி எடுத்தால் அரை மணித்தியாலத்தில் மான்லி. அங்கிருந்து பஸ்.

ஊரில் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அது சோளகம், வெக்கைக் காற்று. குளிரைக் கொண்டு வருவது வடக்கிலிருந்து வீசும் வாடை. இங்கே திசை தலைகீழ், தெற்குக் காற்றுத்தான் எலும்பில் குத்தும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கோ, பூகோளமும் தமிழும் சேர்ந்து வரும்.

நான் பார்க்கப் போனது பழைய தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தை. 1830களிலிருந்து 1984 வரை இயங்கியது. கப்பலில் அம்மை, காய்ச்சல் என்றால் எல்லோரையும் இறக்கி இங்கே மறித்து வைப்பார்கள். முதலாம் வகுப்புக்காரருக்கு ஓரிடம், மூன்றாம் வகுப்புக்கு ஓரிடம், ஆசியருக்குப் புறம்பாக ஓரிடம்! காத்திருந்த சனம் பாறையில் தங்கள் பெயர், கப்பலின் பெயர், ஆண்டு எல்லாம் வெட்டி வைத்திருக்கிறது. 1600க்கும் மேலே. சீனம், ஜப்பானியம்கூட உண்டு. தமிழையும் தேடினேன், என் கண்ணில் படவில்லை.

மேட்டில் ஒரு மயானம். 1918இல் இன்புளுவென்சா வந்த படைவீரரைப் பராமரித்த தாதி அன்னி ஈகன் அங்கேதான் அடக்கம். வயது 27. சாகும் தறுவாயில் பாதிரியாரைக்கூட அவரிடம் விடவில்லை. நாடே கொதித்ததாம். 1975இல் வியட்நாமிலிருந்து விமானத்தில் வந்த அநாதைக் குழந்தைகளையும் இந்த நிலையத்தில்தான் வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு இது புதுக் கதையில்லை. இராமேஸ்வரத்துக்குக் கிட்ட மண்டபம் முகாம் தெரியும்தானே? வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரை நோய் இருக்கிறதா என்று மறித்துப் பார்த்த இடம் அது. 1983க்குப் பிறகு எங்கட சனம் அகதியாகப் போயிருந்ததும் அதே இடத்தில்தான்.

இன்றைக்கும் விசா முடிவுக்காகக் கடிதப் பெட்டியைப் பார்த்தபடி இருப்பவர்கள் எங்களுக்குள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளைக்கு அந்த முனைக்குப் போய்வாருங்கோ. மொத்தக் கோட்டு வேண்டும். தனியே போனால்தான் நின்று வாசிக்கலாம். கூட்டமாகப் போனால் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறதிலேயே நேரம் போய்விடும்.

மற்றது, தேநீர் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயர், ஊர், வந்த ஆண்டு, வந்தது விமானமா வள்ளமா என்று ஒரு வரி எழுதுங்கோ. பெயர் போட யோசிக்கிறவர்கள் ஊரையும் ஆண்டையும் மட்டும் எழுதலாம். பேனையை நூலில் கட்டியிருக்கிறேன், ஒருவரும் கொண்டுபோக வேண்டாம்.