நெடுந்தீவா, புங்குடுதீவா?



அரசாங்க சேவையில் உள்ளவனுக்கு அறுபதாவது வயது விசித்திரமானதோர் எல்லைக்கோடு. அதுவரையில் அவன் எங்கே குடியிருப்பது என்பதை இடமாற்றக் கடிதங்களே தீர்மானித்து வருகின்றன. முப்பது ஆண்டுகளாக ஆசிரியர் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் காலங்கழித்த ஒருவனிடம், "இனி நீ விரும்பிய ஊரிலே வாழலாம்" என்று சொன்னால் அவன் திகைக்காமல் வேறென்ன செய்வான்? எனக்கு அவ்வெல்லை இன்னும் இரண்டு ஆண்டுத் தொலைவில் இருக்கின்றது. பிள்ளைகள் இருவரும் பிறதேசத்தில் இருக்கிறார்கள். எஞ்சிய காலத்தை அமைதியானதொரு தீவிலே கழிப்பதென்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். எந்தத் தீவு என்பதிலேதான் சிக்கல் எழுந்தது. நெடுந்தீவா, புங்குடுதீவா? இக்கேள்விக்கு விடை காண எங்களுக்கு ஓராண்டு பிடித்தது.

இவ்விரு தீவுகளையும் காணாத நேயர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து மேற்கே சென்றால் வேலணை. அங்கிருந்து கடலை ஊடறுத்துச் செல்கின்ற தாம்போதியின் வழியே புங்குடுதீவு. அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு தரைவழி முடிந்துவிடுகின்றது. நெடுந்தீவுக்குப் போகிறவர் அங்கே படகேறி ஏறக்குறைய ஒரு மணிநேரம் கடலிலே செல்லவேண்டும். ஆக, ஒன்று பாலம் உள்ள தீவு. மற்றது பாலம் இல்லாத தீவு.

நான் நெடுந்தீவை அறிந்தது 2002ஆம் ஆண்டிலே. போர்நிறுத்தம் வந்த அவ்வாண்டில் அதிகஷ்டப் பிரதேசச் சேவைக்கென என்னை அங்கே அனுப்பினார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனேன். மூன்று ஆண்டுகள் கழிந்தபின் திரும்பி வர மனமில்லாமல் வந்தேன். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தத் தீவிலே வேலிகள் கிடுகினால் ஆனவை அல்ல. கடற்பாறைக் கற்களைச் சாந்து எதுவும் இன்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகள் அவை. அக்கற்களின் இடைவெளிகளுக்கூடாகக் காற்று புகுந்து போகும் ஒலியை முதல்நாள் இரவு கேட்டபோது, யாரோ வாசலில் நின்று மெல்லப் பேசுகிறார்கள் என்றே நினைத்தேன். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் எனச் சொல்லப்படும் கட்டாக்காலிக் குதிரைகள் தெற்கு வெளியிலே கூட்டங்கூட்டமாக மேயும். கோடை முற்றும்போது அவை நீருக்கு அலைவதைக் காண மனம் பொறாது. மனிதருக்குச் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளில் நல்ல நீர் உண்டு. உள்ளே ஓர் ஆள் புகுந்து நிற்கத்தக்க பொந்துடைய பெருக்கமரம் ஒன்றும் அங்கே உண்டு. மாணவர்களை அதனடியில் இருத்திப் பாடம் சொன்னதுண்டு. அதிபர் அதனை விரும்பவில்லை. இப்போது அதிபராகிய பின்னர் அவருடைய கவலை எனக்குப் புரிகின்றது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. ஏனைய பெயர்கள் மறைந்தொழிய, டெல்ப்ற் என்பது மாத்திரம் இன்றும் அரசாங்கக் கடிதங்களில் நிலைத்து நிற்கின்றது.

அந்த அமைதிக்குக் கொடுக்கவேண்டிய விலையையும் நான் அறிவேன். சோளகக் காற்று எழுந்தால் கடல் குமுறும். படகு புறப்படுமா என்பது விடிந்த பின்னரே தெரியும். ஒருநாள் இரவு என்னுடன் விடுதியில் இருந்த ஆசிரியர் வயிற்றுவலியால் துடித்தார். தீவிலே வைத்தியசாலை உண்டு. சத்திரசிகிச்சை செய்யும் வசதி இல்லை. விடியும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு காற்றின் ஓசையைக் கேட்டிருந்தேன். அவர் பிழைத்தார். அக்கடலுக்கு இதனிலும் பெரிய துயரமும் உண்டு. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அவ்வழியே போகும்போது, அந்நாளை நினைவில் கொண்ட முதியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

புங்குடுதீவு என் மனைவி பிறந்த ஊர். அவருடைய சீதன வீடு அங்கே இருக்கின்றது. ஒருகாலத்தில் அது சனம் நிறைந்த தீவு. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து நடத்திய வணிகர்கள் பலர் அவ்வூரவர். ஆடவர் கடையிலும், மனைவி மக்கள் ஊரிலுமாக வாழ்ந்தமையால், வருவாரை எதிர்பார்த்திருத்தல் அவ்வூருக்குப் பழகிய ஒன்று. 1991இல் ஊர் முழுவதும் பெயர்ந்தது. பெயர்ந்தவர்களிற் பெரும்பகுதியினர் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கனடாவிலும் நிலைத்துவிட்டார்கள். இன்று அங்கே கோயில்கள் புது வர்ணத்தில் ஒளிர்கின்றன. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கொடியேறினால் தெருவெங்கும் வாகனங்கள். கொடி இறங்கியபின் நாய்கூடக் குரைப்பதில்லை.

அதுவும் அமைதிதான். ஆனால் 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி அத்தீவிலே வழிமறிக்கப்பட்டுக் கொலையுண்டதை நாடே அறியும். கைவிடப்பட்ட வீடுகளும் பற்றைகளும் உள்ள வழி அது. காலைவேளையில் மாணவர் வரவு எண்ணும் தொழிலை உடைய எனக்கு, அச்செய்தியின் பின் புங்குடுதீவின் அமைதியைப் புகழ்ந்து பேச நா எழவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க ஆளில்லாத நிலையை அமைதி என்று சொல்லலாமா?

பழைய புங்குடுதீவும் சண்டை சச்சரவு அற்றதாக இருந்ததில்லை. நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். நல்ல நீர்க் கிணறுகள் சில. 1971இல், கண்ணகை அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் நீர் அள்ளவேண்டும் என்று, ஆசிரியரும் எழுத்தாளருமாகிய மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்தார், பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973இல் இளவயதிலேயே அவர் மறைந்தார். ஊரின் சிறப்பைச் சொல்லும் மலர்களிலே இக்கதையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமன்று என்பது என் எண்ணம்.

மனைவி தம் ஊரையே கேட்பார், நான் நெடுந்தீவைக் கேட்பேன், இறுதியில் வழக்கம்போல் நான் விட்டுக்கொடுப்பேன் என்று எண்ணியிருந்தேன். அவரோ, "நெடுந்தீவுக்கே போவோம்" என்றார். காரணம் கேட்டேன். "அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்" என்றார். அவருக்கு இருதய நோய் உண்டு. மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர். அதனை எடுத்துச் சொன்னேன். "படகிலே போகிறவர்கள் எல்லாரும் நோயில்லாதவர்களா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையிலே, வீட்டை ஒருதரம் பார்த்து, வாங்க விரும்புவோர் உளரா என விசாரித்து வரலாம் என்று புங்குடுதீவுக்குப் போனோம். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டமையால் அங்கேயே தங்க நேர்ந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகள். அயற்கடையில் வாங்கிய மெழுகுதிரியை விறாந்தையிலே கொளுத்தி வைத்து, பாணைத் தின்றுகொண்டிருந்தோம். படலையடியில் ஒரு குரல் கேட்டது. "ஆரது உள்ளுக்கை? ஆற்றை பிள்ளை?"

மனைவி எழுந்து போய்த் தம் தகப்பனார் பெயரைச் சொன்னார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றவர் எதிர்வளவு ஆச்சி. எண்பதுக்கு மேற்பட்ட வயது. தனியே இருக்கிறார். அவர் உள்ளே வரவில்லை. வேலிக்கு அப்பால் நின்றபடியே, "இந்த வளவுக்கை வெளிச்சம் கண்டு எத்தினை வருசம், மோனை! கள்ளரோ எண்டு பயந்து, பிறகு கள்ளரெண்டாலும் பறவாயில்லை எண்டு வந்தனான்" என்றார். நாங்கள் சிரித்தோம், ஆச்சி சிரிக்கவில்லை. அன்றிரவு மனைவி நெடுநேரம் உறங்காதிருந்ததை அறிவேன். அதிகாலையில் எழுந்து, முற்றத்துப் பற்றைகளைப் பிடுங்கத் தொடங்கினார். வீடு வாங்குவோரைப் பற்றி நாங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை.

நெடுந்தீவை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். குறிகட்டுவான் அந்த வீட்டிலிருந்து தொலைவன்று. கடல் அமர்ந்திருக்கும் நாட்களில் காலைப் படகேறி, கல்வேலிகளைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

இப்போது ஓட்டை மாற்றி, கிணற்றை இறைத்துச் சேறு அள்ளியிருக்கிறோம். ஊறிவரும் நீர் உவர்ப்பாகவே இருக்கின்றது. மாரி பெய்தபின் பார்க்கலாம் என்கிறார்கள் வேலையாட்கள். அதுவரைக்கும் தம் கிணற்றிலே காலையும் மாலையும் இவ்விரண்டு குடம் அள்ளிக்கொள்ளும்படி ஆச்சி சொல்லியிருக்கிறார்.