மந்திர ஜெபமும் மன அமைதியும்



மந்திரத்தை ஜெபித்துத் தியானம் செய்தால் மனம் அமைதி அடைகிறதே, அதையும் சுயமரியாதைக்காரர்கள் பொய் என்பீர்களா என்று நம்மை ஒரு தோழர் கேட்டார். நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. அமைதி உண்டாவது வாஸ்தவம்தான். அது எதனால் உண்டாகிறது என்பதுதான் நமது கேள்வி.

இதை வாய்த்தர்க்கத்தால் தீர்க்க வேண்டியதில்லை; சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2001-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து டாக்டர் பெர்னார்டியும் அவரது கூட்டாளிகளும், 23 பேரைப் பௌத்தர்களின் "ஓம் மணி பத்மே" என்று தொடங்கும் மந்திரத்தையும், கத்தோலிக்கர்கள் ஜெபமாலை உருட்டிச் சொல்லும் லத்தீன் ஜெபத்தையும் சொல்லச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்குச் சுமார் 6 தடவையாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சரிப்படுத்திக்கொள்ளும் தேகத்தின் சக்தியும் விருத்தியடைந்தது.

யோசித்துப் பாருங்கள். இது தெய்வசக்தி என்றால் எந்தத் தெய்வத்தின் சக்தி? இரண்டு மதத்துத் தெய்வங்களும் கூடிப் பேசி, மூச்சை 6 ஆக்குவோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்களா? ஒரே அளவான சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு நிதானப்படுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஹெர்பர்ட் பென்சன், குருவிடம் ரகசிய மந்திரம் பெற்றுத் தியானம் செய்தவர்களையே பரிசோதித்தார். பிறகு 1975-இல் வெளியிட்ட புத்தகத்தில், ரகசிய மந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை, மூச்சு விடும்போதெல்லாம் "ஒன்று" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாலே போதும் என்று வழி காட்டினார்.

அப்படியானால் மந்திரத்துக்கு இத்தனை ரகசியம் ஏன்? வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லுவானேன்? தட்சணை வைத்தால்தான் காதில் ஓதுவேன் என்று குருமார்கள் சொல்லுவானேன்? எல்லோருக்கும் சொந்தமான மூச்சுக்கு ஒரு பூட்டைப் போட்டு, சாவியை ஒரு கூட்டத்தார் இடுப்பில் செருகிக்கொள்ளுவதற்கல்லாமல் வேறு எதற்கு?

இதில் காசு நஷ்டம் மாத்திரமல்ல, உயிர் நஷ்டமும் இருக்கிறது. இரத்தக் கொதிப்புக்காரர் ஒருவர், ஜெபம் இருக்கிறதே என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால், அது பாரிசவாயுவில் கொண்டுபோய் விடலாம். மருந்தோடு கூட மனத்துக்கு ஓய்வு கொடுப்பது புத்திசாலித்தனம். மருந்தை விட்டுவிட்டு மந்திரத்தை நம்புவது தற்கொலைக்குச் சமானம்.

ஆகவே தோழர்களே! மன அமைதி வேண்டுவோர் தாராளமாகத் தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருங்கள். "ஒன்று" என்று சொல்லுங்கள். உங்கள் குழந்தையின் பேரையாவது சொல்லுங்கள். குருவும் வேண்டாம், காசும் வேண்டாம், எந்த ஜாதி என்று மூச்சு கேட்கப்போவதுமில்லை.

ஆனால் பத்து நிமிஷம் ஆனதும் எழுந்து காரியத்தைப் பாருங்கள். கடன்காரன் கொடுமையும், பிள்ளைகளின் பசியும், பிறவி இழிவும் கண்ணை மூடியிருப்பதால் போய்விடமாட்டா. அவற்றைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஒழிக்க வேண்டும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.