யாமத்து மலை: குறிஞ்சித் திணையும் கோதிக் அச்சமும்

ஐரோப்பிய இலக்கியத்தில் ரொமாண்டிசிசம் எனப்படும் கற்பனாவாதம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. அறிவுக்கும் ஒழுங்குக்கும் இருந்த முதலிடத்தை அது உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் தந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798இல் வெளியிட்ட 'லிரிக்கல் பேலட்ஸ்' அதன் ஆங்கிலத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதன் இருண்ட கிளை எனப்படும் கோதிக், காலத்தால் அதற்கும் மூத்தது. ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ராண்டோ கோட்டை' 1764இலேயே வந்துவிட்டது. பழங்கோட்டை, நிலவறை, துரத்தப்படும் பெண், தலைமுறை தாண்டி வந்து பழிவாங்கும் பாவம் என்று அக்கதை சேர்த்துவைத்த சரக்கு இன்றைய பேய்ப்படங்கள் வரை செலவாகிக்கொண்டிருக்கிறது.

இதற்கான கொள்கையை எட்மண்ட் பர்க் 1757இல் எழுதினார். மலை, பாழ்வெளி, இருள், எல்லை தெரியாத ஆழம் ஆகியவை மனத்தை ஆட்கொள்வது அச்சத்தால்தான்; ஆபத்து நம்மைத் தொடாத தொலைவில் இருந்தால் அந்த அச்சமே இன்பமாகும் என்பது அவர் வாதம். அவர் நூல் வந்த பிறகு, சிகரங்களைக் காணவே ஆல்ப்ஸுக்குச் செல்லும் ஆங்கிலேயர் பெருகினர்.

அச்சத்தை வகைப்படுத்தும் வேலையைத் தொல்காப்பியம் வெகுகாலம் முன்பே செய்துவிட்டது. மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்கலாம். எமிலி என்ற பெண் மலைக்கோட்டை ஒன்றில் அடைபடுகிறாள். அடைத்துவைக்கும் மொன்டோனி கொடுங்கோல் இறை. அவனைச் சுற்றியிருப்பவர்கள் கொள்ளையர். இரவில் கேட்கும் ஓசைகள் அணங்கு. நான்கில் மூன்று வந்துவிடுகின்றன. விலங்கு மட்டும் பின்தங்குகிறது. ஓநாய்கள்கூட எப்போதோ அற்றுப்போன நாட்டில் எழுதப்பட்ட கதையில் அது வியப்பில்லை.

தமிழில் மலையின் திணை குறிஞ்சி. அதன் பொழுது யாமம், அதாவது நள்ளிரவு. பருவம் கூதிரும் முன்பனியும். காதலர் கூடும் திணைக்கு வெளிச்சமான பொழுதைத் தராமல் இருட்டையும் குளிரையும் தந்திருக்கிறார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குவதற்காகவே இன்று பெயர் பெற்றிருக்கிறது. பள்ளிப் பாடங்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதே பாட்டின் இறுதிப் பகுதியில் இன்னொரு பட்டியல் உண்டு. இரவில் காதலியைக் காண வருபவன் கடக்க வேண்டிய வழியில் என்னென்ன இருக்கும் என்று தோழி நடுங்குகிறாள்: குகைக்குள் பதுங்கும் புலி, யாளி, கரடி, காட்டுப்பசு, களிறு, இடி, சூர் என்னும் தெய்வம், இரை தேடும் பாம்பு, சுழிக்குள் முதலை, வழுக்கு நிலம், மலைப்பாம்பு. பூக்களின் பட்டியலுக்கு இணையாக வைத்துப் படித்தால்தான் பாட்டு முழுமையாகிறது. ஐரோப்பா காதலுக்கும் திகிலுக்கும் தனித்தனி அலமாரி வைத்தது. குறிஞ்சியில் இரண்டும் ஒரே பாட்டில் ஒரே இரவில் நிகழ்கின்றன.

குறிஞ்சிப் பாடல்களில் வரும் வெறியாட்டுச் சடங்கு இன்னும் நுட்பமானது. மகள் மெலிகிறாள், முருகு அணங்கியது என்று தாய் பூசாரியான வேலனை அழைக்கிறாள், களம் இழைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, வேலன் ஆடுகிறான். மெலிவுக்குக் காரணம் மலைநாடன் மேலுள்ள காதல் என்பது தோழிக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். பேய் என்று அஞ்சவைத்ததற்கு இறுதியில் இயல்பான விளக்கம் தருவது ராட்கிளிஃபின் தனி உத்தியாகப் பேசப்படுகிறது. வெறியாட்டுப் பாடல்கள் அந்த விளக்கத்தை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு சடங்கைப் பார்க்கின்றன. அது கூடுதல் துணிச்சல் என்றே சொல்ல வேண்டும்.

பழனி மலைத்தொடர் இந்தத் திணையோடு நேரடி உறவு உடையது. ஆவியர் குடியின் பொதினியே இன்றைய பழனி. புறநானூறு பாடும் கடிய நெடுவேட்டுவன் கோடை மலைத் தலைவன். மேல்மலைகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006இலும் 2018இலும் பூத்தது. தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. அவற்றைப் பற்றி அங்லாட், நியூட்டன் ஆகிய இருவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பாழ்கோட்டை இல்லாத மலையில் அந்த இடத்தை இக்கற்கள் நிரப்புகின்றன.

1821இல் லெப்டினன்ட் வார்டு அளவைப் பணிக்காக வெள்ளகவி வழியே மேலேறினார். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனார் சமவெளியின் வெக்கைக்கும் காலராவுக்கும் தப்பி மலைமேல் கொடைக்கானலில் வீடு கட்டினர். 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். ஏரி, படகு, தோட்டம் என மலையின் ஒரு பாதி வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரி நாடுபோல் ஆக்கப்பட்டது. அடங்காத மறுபாதிக்குச் சாத்தானின் பெயர் கிடைத்தது. தூண் பாறை அருகிலுள்ள ஆழ்குழிகளை ஆங்கிலேயர் 'டெவில்ஸ் கிச்சன்' என்றனர். அங்கே பாண்டவர் சமைத்தார்கள் என்பது உள்ளூர்க் கதை. ஒரே குழி, ஒருவருக்குப் பேயின் அடுப்பு, மற்றவருக்கு வனவாசக் குடும்பத்தின் அடுப்பு.

1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதையில் ஓவியர்களும் கவிஞர்களும் தேடிய காட்சி ஒன்று சில நேரம் கிடைக்கும். சூரியன் முதுகுப்பக்கம் தாழ்ந்திருந்து, எதிரே பள்ளத்தில் மஞ்சு நிறைந்திருந்தால், நிற்பவரின் நிழல் பேருருவாக மஞ்சின்மேல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றும். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வருவது அது. பக்கத்தில் நிற்பவர் தலைக்கும் வளையம் இருக்கும். ஆனால் அதை அவர் மட்டுமே காண்பார். ஜெர்மனியின் பிராக்கன் மலையின் பெயரால் அறியப்படும் இத்தோற்றத்தைக் கோல்ரிட்ஜ் கவிதையில் எடுத்தாண்டார். டி குவின்சி உரைநடையில் எழுதினார். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1818 வாக்கில் தீட்டிய, மூடுபனிக் கடலைப் பார்த்து நிற்கும் மனிதனின் ஓவியத்தில் இந்த நிழல் இல்லை; முதுகு காட்டி நிற்கும் தனிமை மட்டும் உண்டு.

நவீனத் தமிழில் கற்பனாவாதம் பாரதியோடு வந்தது. அவர் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயரே வைத்துக்கொண்டார். கோதிக் சாயல் கல்கியின் 'சோலைமலை இளவரசி'யில் தெளிவு: 1942 போராட்டத்தில் தலைமறைவான இளைஞன் பாழ்கோட்டையில் முற்பிறவிக் காதலைக் காண்கிறான், முடிவு சித்தபிரமை. இந்த மரபு கொடைக்கானலுக்குச் சினிமா வழியே வந்து சேர்ந்தது. சந்தானபாரதி இயக்கிய 'குணா' (1991) மனம் பிறழ்ந்தவன் ஒரு பெண்ணை அபிராமியாகவே நம்பி மலைக்குக் கடத்திச் செல்லும் கதை. சிறைப்பட்ட பெண், பாழ்கட்டடம், குகை, பௌர்ணமி என எல்லாம் கோதிக் பொருள்கள். ஆனால் கடத்தியவன் கொடியவன் அல்ல, பக்தன். மொன்டோனியின் இடத்தில் வெறியாட்டு நாயகியின் மெலிவை உடைய ஒருவனை நிறுத்தியதே அப்படத்தின் சாதனை. அது படமாக்கப்பட்ட டெவில்ஸ் கிச்சன் குழிகளுக்கும் குணா குகை என்றே பெயர் மாறிவிட்டது.

2006இல் கொச்சிப் பக்கத்து நண்பர் குழுவில் ஒருவர் அக்குகையில் விழ, தோழர் ஒருவர் கயிற்றில் இறங்கி மீட்டார். அதைப் படமாக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) குணாவில் காதல் கடிதமாக வரும் பாட்டைக் காதலிலிருந்து நட்புக்கு மாற்றியது. அதில் பேய் இல்லை, கொள்ளையர் இல்லை. உதவி கேட்டு ஓடியவர்களைக் காவல் நிலையத்தில் அடிக்கும் காட்சி மட்டும் உண்டு. தொல்காப்பியர் பட்டியலில் அது நான்காவது.